பிரிக்காத உறைகள்

(தபால் அட்டை)
ஜனவரி 4

தம்பிக்கு,

உன் அத்தான் இறந்து இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கக்கூட நீ வரவில்லை. அதற்குப் பிறகு உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போதும் நானாக எழுதவில்லை. உன் கீழ்வீட்டு வாத்தியார் எழுத வைத்திருக்கிறார்.

நீ எந்தத் தபாலையும் பிரிப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைக்கிறாய், டெலிபோனை வெட்டிவிட்டார்கள், போன வாரம் இடது பக்கம் திறந்திருந்த கேட்டில் மோதிக் கன்னம் கிழிந்தது என்று அவர் எழுதுகிறார். உண்மையா?

உறையில் போட்டால் இதுவும் பெட்டிக்குப் போகும். அதனால்தான் அட்டை. தபால்காரர், வாத்தியார், வாத்தியாரின் மனைவி எல்லோரும் படிக்கட்டும். வெட்கப்பட வேண்டியவள் நான் அல்ல.

பதில் எழுது. மேலே தேதி போடு.

அக்கா


(தபால் அட்டை)
ஜனவரி 13

தம்பிக்கு,

ஒன்பது நாள் ஆயிற்று. அட்டைக்கு மூடி கிடையாது. ஆகவே படித்திருப்பாய். நாளை முதல் தினமும் இருபது உறை பிரி. மூன்று நாளில் பெட்டி காலி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

தேதி போட்டாயிற்று.

இரண்டாவது அட்டையைத் தபால்காரர் மாடிப்படி ஏறி வந்து கையில் கொடுத்தார். "சார், அக்கா ரொம்பக் கோவமா இருக்காங்க போல. ரெண்டு வரி எழுதிடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்" என்றார். அப்படியும் ஐந்து நாள் ஆகிவிட்டது.

எல்லாம் உண்மை. கேட் உட்பட.

சோம்பேறி என்று நினைக்காதே. முப்பத்தாறு வருடம் நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்தவன் நான். மயிரிழை கோடு விலகினாலும் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப வரைவேன். ஓய்வு பெறுகிற மாதத்தில் ஆபீசிலிருந்து ஓர் உறை வந்தது. என் கடைசி வரைபடத்தில் ஏதோ ஓர் எல்லைக்கோடு பற்றி விசாரணை என்று காதில் விழுந்திருந்தது. திங்கட்கிழமை பிரிக்கலாம் என்று வைத்தேன். அதற்குள் இன்னோர் உறை வந்து அதன்மேல் உட்கார்ந்தது. மேலே இருப்பதை எடுத்தால் கீழே இருப்பது தெரியுமே என்று அதையும் தொடவில்லை. அப்புறம் பெட்டி. பிரிக்காத வரை உள்ளே இருப்பது எதுவும் இன்னும் நடக்கவில்லை என்று ஓர் எண்ணம்.

அத்தான் போனது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். பழைய ஆபீஸ் பியூன் கடைத்தெருவில் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டான். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். நீ எழுதியிருந்தால் இதற்குள்தான் இருக்க வேண்டும். அன்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். எந்த முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எத்தனை அழுக்கு மூட்டைக்குள் கிடந்தாலும் அது என்னைப் பார்த்து முறைக்குமே. அப்படி ஒன்று வரவே இல்லை. நீ எழுதினாயா, இல்லையா?

தினமும் இருபது என்னால் முடியாது.

தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

எழுதினேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதினேன். நீள பழுப்பு உறை. முகவரியை டைப் அடித்து, இடது மூலையில் சிவப்பு ரிப்பனில் "அவசரம்" என்றும் அடித்தேன். பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் அப்படித்தான் அனுப்பினேன். ஒன்றுகூட வீணாகப் போனதில்லை.

நீ அதைச் சர்க்கார் கடிதம் என்று நினைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறாய். உறை தவறு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உனக்கு அனுப்பும்போது தவறு, அவ்வளவுதான். இந்த உறையின் முகவரியைக் கையால் எழுதியிருக்கிறேன்.

அந்த உறைக்குள் அவர் உனக்குத் தன் கையால் எழுதி ஒட்டிக் கொடுத்த கடிதமும் இருக்கிறது. நான் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்க நான் படித்த கான்வென்டில் யாரும் கற்றுத் தரவில்லை. உன்னிடமிருந்து பதில் வந்ததா என்று கடைசி நான்கு நாளும் கேட்டார். நான்கு நாளும் "நாளைக்கு வரும்" என்றேன்.

இருபது வேண்டாம். ஒன்று. தினமும் ஒரே ஓர் உறை. முதல் காபிக்குப் பிறகு, சவரம் செய்வதற்கு முன். மேலிருந்து எடு, அடியைக் குடையாதே. பிரித்ததைப் படித்தாயிற்றா, வலது பக்கம் வை. அன்றைக்கு அதோடு சரி.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

ஒன்று பிரித்தேன்.

முதல் நாள் எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டாம் நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன், பழகட்டும் என்று. மூன்றாம் நாள் கத்தி மொக்கை என்று சாணை பிடித்தேன். ஆறாம் நாள் வாத்தியார் மேலே வந்தார். "என்ன சார், அதுக்குப் பேர் வெச்சுட்டீங்களா?" என்றார். அவமானத்தில் பிரித்துவிட்டேன். மொட்டை மாடி ஒழுகாமல் பூச்சுப் பூசித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் இறங்கிப் போன பிறகு அதை வலது பக்கம் வைத்தேன், நீ சொன்னபடி.

வாத்தியார் பாவம், எத்தனை நாள் மேலே ஏறி வருவார். அக்கா, நீ வாயேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில் ரயில் மாற வேண்டும், மொத்தம் ஐந்து மணி நேரம். நீ எதிரே உட்கார்ந்து முறைத்தால் ஒரு பகலில் பெட்டி முழுவதையும் பிரித்துவிடுவேன். உன்னிடம் நேரில் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

மன்னிப்பைத் தபாலிலும் அனுப்பலாம்.

இப்போது வர வசதிப்படாது. தண்ணீர் மோட்டார் தகராறு செய்கிறது, ஆள் எந்த நேரம் வருவான் என்று சொல்ல முடியாது. கணுக்கால் வீக்கம் வேறு. வாசலோரம் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள் ஊரில் இல்லாத நாளில் வீட்டைப் பூட்டிப் போட முடியாது. என்னை எதிர்பார்க்காதே. உன் வேலை, நீதான் செய்ய வேண்டும். ஒரு காகித உறையைக் கிழிக்க இன்னொருவர் துணை எதற்கு?

ஒரு நாளைக்கு ஒன்று.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

பதினெட்டு ஆயிற்று. ஒரு நாள் இரண்டு பிரித்தேன், திட்டாதே.

பதினாறாவது கண் ஆஸ்பத்திரிக் கடிதம். போன வருடம் தலைவலிக்குக் காட்டப் போய், என்னவோ சோதனை எல்லாம் செய்து, "முடிவைத் தபாலில் அனுப்புகிறோம்" என்றார்கள். கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய், இடது கண்ணுக்கு ஜூன் மாதம் ஆபரேஷன், தவறாமல் வரவும் என்று எழுதியிருக்கிறது. எந்த ஜூன் என்று இரண்டு முறை பார்த்தேன். போன ஜூன்தான்.

மறுநாளே போனேன். போகும் வழியில் ஒரு பெண்ணின் காய்கறிக் கூடையைத் தட்டிவிட்டேன், அது வேறு கதை. டாக்டர் சின்னப் பெண்.

"ஏன் சார் வரல? ஜூன்லயே தேதி குடுத்தோமே?"

"லெட்டர் பிரிக்கல டாக்டர்."

"என்னது?"

"பிரிக்கல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், நோய் எதுவென்று அப்போதுதான் பிடிபட்ட மாதிரி.

இடது கண் முடிந்துவிட்டது, அக்கா. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஏப்ரல் பதினொன்று ஆபரேஷன். பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும், கூட ஒரு சொந்தக்காரரோடு. அவர் கையெழுத்துப் போட வேண்டும், மூன்று நாள் கூட இருந்து மருந்து விட வேண்டும். ஆள் இல்லாமல் வந்தால் என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் நான்கு மாதம் கழித்துத்தான். "நாலு மாசம் இந்தக் கண்ணு தாங்காது சார்" என்றாள்.

உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? வா.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

படித்தேன். உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம் ஒரு கண்ணைப் பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்திருக்கிறாய். உன்னை எந்த வார்த்தையால் திட்டுவது என்று தெரியவில்லை, எல்லாமே சின்னதாக இருக்கிறது.

வாத்தியாரைக் கேட்டுப் பார். ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் யார் தோண்டப் போகிறார்கள்? பொய் சொல்லச் சொல்கிறேன் என்று வியக்காதே. என்னால் வர முடியாது. காரணங்களைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மோட்டார் இன்னும் சரியாகவில்லை.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

வாத்தியார் ஏப்ரல் முழுக்க மகள் வீட்டில் இருப்பார். பிரசவம். கேட்டாயிற்று.

உன் பழுப்பு உறை கிடைத்தது. சிவப்பு "அவசரம்" இன்னும் மங்கவில்லை. உன் தாளை ஒரு முறை படித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. அத்தான் எழுதியதை நாலைந்து முறை படித்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்:

"மாப்பிள்ளை, நான் இதிலிருந்து எழ மாட்டேன். டாக்டர் சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது. உன் அக்கா எதையும் சமாளிப்பாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டுக்குள்ளே சமாளிப்பாள். கல்யாணமான புதிதில் ரோடு கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் விடச் சொல்லவே இல்லை. பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அதே வாசலில் ஏற்றிக்கொண்டேன். நாற்பத்தொரு வருடம். அவள் தனியாக ஒரு ரோடுகூடத் தாண்டியதில்லை, வெளியே யாருக்கும் இது தெரியாது. தப்பு என்னுடையது. நான் போன பிறகு நீ ஒரு வாரம் வந்து தங்கு. கூட்டிக்கொண்டு போகாதே. பக்கத்தில் நட, ஆனால் கையைக் கொடுக்காதே. மோட்டார் ரிப்பேர், கால் வீக்கம் என்று ஏதாவது சொல்லுவாள். நம்பாதே."

மோட்டார் ரிப்பேர் என்று அப்படியே எழுதியிருக்கிறார், அக்கா. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

இதைப் பெட்டியில் போட்டு மூடியவன் நான். அதனால் உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீ கேட்டைத் தாண்டி எத்தனை நாளாயிற்று?

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். அவருடைய வார்த்தைகள் இருந்ததால் கிழிக்கவில்லை.

அவருக்கு என்ன உரிமை? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கட்டிலில் கிடந்துகொண்டு, என்னைக்கொண்டே முகவரி அடிக்க வைத்து, என் குறையை உனக்கு எழுதியிருக்கிறார். நானும் எழுத்து சாயாமல் அழகாக அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காட்சியை நினைத்தால் கோபம் வருகிறது. கோபப்பட ஆளும் இல்லை.

இருபத்தெட்டு மாதம். கேட்டைத் தாண்டி இருபத்தெட்டு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள், உள்ளே வந்தேன், அதோடு சரி. வேண்டியதைத் தையலம்மா வாங்கி வருகிறாள். உனக்கு எழுதுகிற அட்டைகளையும் அவள்தான் போடுகிறாள். "ஏம்மா, பெட்டி நாலு வீடு தள்ளித்தானே இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். முட்டி வலி என்றேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது.

உன்னை அதட்டி எழுதியபோதெல்லாம் எனக்கு இது தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே எழுதினேன். இதைவிடக் கேவலமாக எழுத என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

தினமும் ஒன்று. முதல் காபிக்குப் பிறகு, குளிப்பதற்கு முன். முடிந்ததும் அன்றைக்கு அதோடு சரி. விதி உன்னுடையது, சவரத்தைத் தவிர நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது.

தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

கணக்கு ஒப்புவிக்கிறேன்.

22: கேட்டின் கொண்டியைத் திறந்தேன். மூடினேன்.
23: கேட்டுக்கு வெளியே நின்றேன். புடவை நல்லதாகக் கட்டியிருந்தேன், யாராவது பார்த்தால் எங்கேயோ கிளம்புகிறேன் என்று நினைக்கட்டும் என்று.
24: ஒன்றும் செய்யவில்லை. மழை என்று எழுத நினைத்தேன். மழை இல்லை.
25: தபால் பெட்டி வரை. சுவரைத் தொட்டுக்கொண்டு.
26: தபால் பெட்டி வரை, சுவரைத் தொடாமல்.
27: பெரிய ரோடு முனை. கால் மணி நேரம் நின்றேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் நிறுத்தி, "போறீங்களா, இல்ல வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்றான். "உன் வேலையைப் பாருப்பா" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.
28, 29: அதே முனை, அதே கதை.
30: தள்ளுவண்டியில் பழைய பேப்பர் எடுப்பவர் ரோட்டைக் கடந்தார். வண்டி பெரிது, மெதுவாகப் போனது. அதன் பின்னாலேயே நடந்துவிட்டேன். அந்தப் பக்கம் போன பிறகுதான் திரும்பி வர வண்டி இல்லை என்பது உறைத்தது. எதிர்ப்பக்க மருந்துக் கடையின் படியில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, "யாருக்காக வெயிட் பண்றீங்கம்மா?" என்று கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யக் கூடாது.

ரயில் நிலையம் இன்னும் பதினொரு தெரு.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

எழுத்து மேலும் கீழும் போனால் மன்னித்துக்கொள். காலையில் கொஞ்ச நேரம்தான் தெளிவாகத் தெரிகிறது. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக வருகிறது.

பெட்டி காலி. அடியில் கிடந்தது அந்த முதல் உறை. எல்லைக்கோட்டைப் பற்றி ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். என் அளவைப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது, எடுத்துச் சரி பார்த்தேன். கோடு சரி. சரி என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மூன்று வருடம், ஒரு கண், அத்தானின் முகம். எல்லாம் அந்த ஒரு வரிக்கு.

உன்னைத் துரத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தையலம்மாவைக் கூட அழைத்துக்கொண்டு வரலாமே? கேட்பதற்குக் கௌரவம் பார்க்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி


(தபால் அட்டை)
ஏப்ரல் 7

தம்பிக்கு,

தையலம்மாவைக் கேட்டேன். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன, அழாத குறையாக மறுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

பதினொரு தெருவையும் தினமும் இரண்டாகப் பழகி, நேற்று ஒத்திகைக்காக ரயில் ஏறினேன். ஒரே ஒரு நிலையம். அங்கே இறங்கியதும் கால் நகரவில்லை. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, "வீட்டு போன் நம்பர் சொல்லுங்கம்மா, யாரையாவது வரச் சொல்றேன்" என்றார். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவரே திரும்பும் ரயிலில் ஏற்றிவிட்டார், கையைப் பிடித்து. ஆகவே அது கணக்கில் சேராது.

வருகிறேன் என்று எழுத மாட்டேன். "நாளைக்கு வரும்" என்று ஒருவரிடம் நான்கு நாள் சொன்னவள் நான். பத்தாம் தேதி நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. ஆள் எங்கே என்று கேட்டால், வழியில் இருக்கிறாள் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 10
பகல் 1.15, ரயில் மாறும் நிலையம்

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. போட்டாலும் உன்னால் படிக்க முடியாது.

காலை ரயிலில் ஏறினேன், தனியாக. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண், "எங்க போறீங்கம்மா?" என்றாள். "தம்பிக்குக் கண் ஆபரேஷன், கையெழுத்துப் போடப் போறேன்" என்றேன். சொல்லும்போது யாரோ கெட்டிக்காரியைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அவள் நடுவில் இறங்கிவிட்டாள்.

இங்கே இறங்கும் வரை சரியாகத்தான் இருந்தேன். உன் ஊர் ரயில் நான்காவது பிளாட்பாரத்தில் நிற்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. நான் முதலாவதில் இருக்கிறேன். நடுவே மேம்பாலம். படிகளை இரண்டு முறை எண்ணினேன், ஏற முப்பத்திரண்டு. மேலே ஒரே கூட்டம், எதிரும் புதிருமாக. எல்லோரும் ஓடுகிறார்கள். இரண்டு முறை படியருகே போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறையாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து எழுதுகிறேன்.

ரயில் 1.40. அடுத்தது மாலை ஆறுக்கு. அது உனக்கு உதவாது.

நீ இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஏதாவது வராந்தாவில் உட்கார்ந்து, கடந்து போகிற ஒவ்வொரு புடவையையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாய். "ஆள் எங்கே?" என்று கேட்டிருப்பார்கள். நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருப்பாய்.

இதோ ஒரு போர்ட்டர் வந்தார். "பெரியம்மா, நாலாவதுக்குத்தானே? கையக் குடுங்க, ஏத்தி விடறேன்" என்றார். நல்ல மனிதர். வேண்டாம் என்றேன். கௌரவத்தினால் அல்ல. கையைக் கொடுத்தால் இந்தப் பாலத்தைத் தாண்டிவிடுவேன். ஆனால் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரி ரோட்டை, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நான்தானே தாண்ட வேண்டும்? அங்கே போர்ட்டர் இருக்க மாட்டார். "அப்ப பின்னாடியே வாங்க, நான் மெதுவாப் போறேன்" என்றார். அதற்குச் சரி என்றேன். அவர் என் துணிப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியருகே நிற்கிறார். என்னைப் பார்க்கிறார்.

1.31. இன்னும் எழுத நிறைய இருக்கிறது. உன்மேல் கோபம் தீரவில்லை என்பதை எழுத வேண்டும். அவர்மேல் உள்ளதையும். ஆனால் இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது எழுத வேண்டும் என்பதற்காக அல்ல, எழுந்திருக்காமல் இருப்பதற்காக. அது எனக்குத் தெரிகிறது. கான்வென்டில் கடிதத்தை ஒழுங்காக முடிக்கச் சொல்லித் தந்தார்கள், அன்புள்ள என்று போட்டு, கையெழுத்திட்டு, நான்காக மடித்து. அதையெல்லாம் செய்தால் இன்னும் இரண்டு நிமிடம் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அதனால் செய்யவில்லை. பேனாவை மூடுகிறேன்